காரணம் அறியாத கை

ஓர் ஆராய்ச்சி எவர் கையால் பலிக்கிறதோ, அவர் அதன் காரணத்தை அறிய வேண்டாமா? ரப்பர் பட்டையிலே பாற்குழாய்கள் நேராக நில்லாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ வெட்டினால் மிகுதியான குழாய்கள் திறக்கும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவேயுள்ள மென்படலமே புதுப்பட்டையை வளர்ப்பது; கத்தி அதிற் பட்டால் மரம் முண்டு முண்டாகும். 1890-களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ரிட்லி வெட்டுமுறையை ஆராய்ந்தார். 1925-இல் மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தோன்றிற்று. தாவர நூலாரும் இரசாயன நூலாரும் கண்டவை பெரும்பாலும் ஆங்கிலத்திலே உறங்குகின்றன. ஜோகூர்த் தோட்டங்களிலோ, காயம் விழுந்ததற்குக் கடிந்தோர் பலர். காரணம் சொன்னோர் சிலர். கிராணிமாராகிய நமக்கு அவ்வாங்கிலம் தெரியும். பெரட்டுக் களத்திலே அதைத் தமிழில் எடுத்துரைக்கக் கால்மணி நேரம் போதும். அதற்குத் துரைமாரின் உத்தரவும் வேண்டுவதில்லை.