எதைத் தலைமுழுகினோம்?

ஓர் உறவோ பழக்கமோ இனி வேண்டாம் என்று முடிவு செய்தவர், “அதை அன்றோடு தலைமுழுகிவிட்டேன்” என்று சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். சாவு வீட்டுக்குச் சென்று வந்தவர் தலைமுழுகிய பின்னரே தம் வீட்டுக்குள் நுழைவதும் நம் மண்ணின் வழக்கம். முன்னாளில் ஞானஸ்நானம் என்று வழங்கிய அருட்சாதனத்தை இன்று நாம் திருமுழுக்கு என்கிறோம். அந்தச் சொல்லே நம்மை ஒரு கேள்வியின் முன் நிறுத்துகிறது: அன்று நாம் எதைத் தலைமுழுகினோம்?

பிறப்புநிலைப் பாவம் கழுவப்பட்டது என்பது மறைக்கல்வியில் நாம் கற்ற விடை. அது உண்மையே. ஆயினும் திருமுழுக்கை அழுக்கு நீக்கும் குளியலாக மட்டும் காண்போமாயின் அதன் ஆழத்தை இழந்துவிடுவோம். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தில் புனித பவுல் திருமுழுக்கைச் சாவு என்றே காண்கிறார். கிறிஸ்துவோடு அடக்கம் செய்யப்பட்டு, அவரோடு புது வாழ்வுக்கு எழுவதே அவர் காட்டும் பொருள். நம் வழக்கில் சாவுக்குப் பின் முழுக்கு. இங்கோ முழுக்கே சாவு.

நான்காம் நூற்றாண்டில் எருசலேம் ஆயர் புனித சிரில் தம் காலத்துச் சடங்கை விளக்கியுள்ளார். திருமுழுக்குப் பெற வந்தோர் முதலில் கதிரவன் மறையும் மேற்குத் திசையை நோக்கி நின்று சாத்தானை விட்டு விலகினர். பின்னர் கிழக்கே திரும்பித் தம் நம்பிக்கையை அறிக்கையிட்டனர். பழைய ஆடையைக் களைந்து மும்முறை நீரில் மூழ்கினர். முதுகு காட்ட வேண்டியதற்கு முதுகு காட்டிய பின்னரே அவர்கள் நீரில் இறங்கினர் என்பதை நாம் கருத வேண்டும்.

நம் மண்ணில் அவ்வாறு திரும்பியவர் ஒருவர் உண்டு. திருவிதாங்கூர் அரசில் அலுவலராயிருந்த நீலகண்டன், 1741-ஆம் ஆண்டுக் குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்தார். 1745-ஆம் ஆண்டு வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் தலைமுழுகியவற்றுள் பிறப்பால் வந்த உயர்வும் ஒன்று. சாதி வேற்றுமை பாராது எல்லாரும் சமம் என்று அவர் வலியுறுத்தியது மேல்தட்டினரின் சினத்தைத் தூண்டியது. 1749-இல் சிறைப்பட்டு, 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை விட்டுவிட்டது.

அவர் நனைந்த அதே வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த ஆலயம், சாதிக்கேற்ப மக்கள் பிரிந்து அமரும்படி இரு கூடங்களாகக் கட்டப்பட்டது. அப்பிரிவினைச் சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. ஆயினும் சில ஊர்களின் கல்லறைத் தோட்டங்களில் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. உயிர் போகும் தறுவாயில், திருச்சபையின் கருத்துக்கு இசைந்து யாரும் திருமுழுக்கு அளிக்கலாம். திருமுழுக்குப் பெறாதவரும் அளிக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். நீரை ஊற்றும் கை யாருடையது என்று பாராத திருச்சபையில், பிணத்தைச் சுமக்கும் தோள் யாருடையது என்று பார்ப்பது எப்படி? கிறிஸ்துவில் ஒருமுறை அடக்கம் செய்யப்பட்டவர்களுக்கு வேறு வேறு கல்லறைகள் எதற்கு?

“குழந்தையாயிருந்தபோது எனக்காகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் சொன்ன வாக்குறுதிக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?” என்று சிலர் கேட்கலாம். தாய்மொழியையும் நாம் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் அதைப் பேசப் பேச அது நம்முடையதாகிறது. பேசாது விட்டாலோ நமக்கே அந்நியமாகிறது. கொடையாக வந்த திருமுழுக்கும் அத்தகையதே. அதனாலன்றோ ஆண்டுதோறும் பாஸ்கா திருவிழிப்பில், எரியும் திரியைக் கையிலேந்தி, “விட்டுவிடுகிறோம்” என்று நம் வாயாலேயே சொல்லுகிறோம்!

சொல்லியும் விடாதவர் நம்முள் பலர். அவர்களுடைய திருமுழுக்கு வீணாயிற்றா? இல்லை. தொனாத்தியரோடு வாதிட்ட புனித அகுஸ்தினார், படைவீரன் உடலில் பொறித்த அடையாளம் அவன் ஓடிப்போனாலும் அழியாததுபோல, திருமுழுக்கின் முத்திரையும் அழியாது என்று காட்டினார். ஆகவே நாம் மீண்டும் நீரில் இறங்க வேண்டியதில்லை; இறங்கியபோது விட்டதைக் கரையேறியபின் மீண்டும் எடுத்துக்கொண்டோமே, அதைக் கீழே வைக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஆலய வாயிலில் தீர்த்தத் தொட்டியில் விரல் நனைத்துச் சிலுவை அடையாளம் வரையும்போது ஒரு கணம் நிற்போம். அதே தொட்டியில் நமக்கு முன் கை நனைத்தவர் யார் என்று எண்ணுவோம். நமக்கு எந்தத் திருமுழுக்கோ அவருக்கும் அதே திருமுழுக்கு. அவர் வீட்டில் உண்ணவும், அவர் பாடையைச் சுமக்கவும் நாம் அணியமாகும் நாளில், நம் தலையில் ஊற்றிய நீர் தன் வேலையைச் செய்யத் தொடங்கியிருக்கும்.