சொறிப் பூச்சியும் ஓர் உயிர்

கிழக்கு லண்டனில் தமிழர் வாழும் செவன் கிங்ஸ் பகுதியில் இரவில் குப்பைப் பையைக் கிழிப்பது பெரும்பாலும் செந்நரிதான். சில நரிகள் வாலில் மயிரின்றி, தோல் தடித்து, பகலிலேயே தள்ளாடி வரும். காரணம், சார்கோப்டிஸ் எனும் மிகச் சிறிய பூச்சி. பெண் பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும்; நரி சொறிந்து புண்ணாகி, இரை தேடும் வலுவிழந்து சாகும். 1994இல் பிரிஸ்டல் நகரில் இந்தச் சொறிநோய் பரவி, சில ஆண்டுகளில் அங்கிருந்த நரிகளில் 95 சதவீதத்துக்கும் மேல் மறைந்தன.

கொல்லாமையைப் போற்றும் வீட்டாருக்கு இது சங்கடமான கேள்வி. மருந்து கொடுத்தால் நரி பிழைக்கும், பூச்சிகள் கூட்டமாய்ச் சாகும். நரியின் முன்வினை என்று விட்டுவிடலாமா?

விட முடியாது. நரியின் இன்றைய வாழ்வில் மனிதர் கையும் இருக்கிறது. 1970களில் லண்டனிலும் அதைச் சுற்றியும் சேகரித்த மண்டையோடுகளை கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கெவின் பார்சன்ஸ் குழு ஆராய்ந்து 2020இல் முடிவை வெளியிட்டது: நகர நரிகளுக்கு மூக்குப்பகுதி குட்டையாகவும் அகலமாகவும் இருந்தது. நம் எச்சில் உணவைத் தின்று வாழ்வதற்கேற்ற மாற்றமாக அது இருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். மாணிக்கவாசகருக்காக நரிகளைப் பரிகளாக்கியவன் இறைவன்; இங்கே நரியின் முகத்தை மாற்றுவதில் நம் தெருக்களுக்கும் பங்குண்டு.

பூச்சிக்கும் உயிர் உண்டுதான். ஆனால் வலியில் துடிப்பதாக நாம் கண்கூடாகக் காண்பது நரியை. இரக்கம் முதலில் அங்கேதான் செல்ல வேண்டும்.

அதற்காக மருந்து கலந்த சோற்றை வாசலில் வைப்பது சரியல்ல. சொறிக்குத் தரும் ஐவர்மெக்டின் மருந்து, அச்சோற்றைத் தின்னும் கோலி (collie) இன நாய்களுக்கு நஞ்சாகலாம். கால்நடை மருத்துவர் வழியாகவே கொடுக்க வேண்டும்.