நூறாவது ஆடு

நவம்பர் 2ஆம் திகதி வருவதற்கு முன்னரே கோயிலில் ஒரு கொப்பியை வைத்துவிடுவார்கள். செத்துப்போனவர்களின் பெயர்களை அதில் எழுதினால் ஆன்மாக்களின் திருநாள் பூசையில் சுவாமி வாசிப்பார். அம்மா அப்பாவின் பெயரை எழுதுவா. அம்மம்மாவின் பெயரை எழுதுவா. 1999இல் மடுவில் செல்பட்டுச் செத்த பெரியம்மாவின் பெயரையும் எழுதுவா. அதோடு பேனையை மூடிவிடுவா. யுத்தம் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு என் தம்பியைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. “ஆர் கண்டது அவன் செத்தவன் எண்டு?” என்பா.

பூவரசங்குளத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி படிப்பிக்கிறவள் நான். நம்பிக்கையைப் பற்றிப் பேசவேண்டியது என் வேலை. ஆனால் “தாங்கக்கூடிய அளவுக்குத்தான் ஆண்டவர் சிலுவை தருவார்” என்று யாரும் ஆறுதல் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு நிலத்தில் பேசாமல் இருந்தார்கள். அதுவரைக்கும் நல்ல மனிதர்கள்தான். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் பிழைத்தது.

ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் மன்னார் வீதியால் பறையனாலங்குளம் பக்கம் போவார்கள். சைவ வீட்டுக்காரரும் படலையில் மோர் கரைத்து வைத்திருப்பார்கள். மடுவுக்குப் போனால் உயிர் தப்பலாம் என்றுதான் யுத்த காலத்தில் சனம் அங்கே கொட்டில் போட்டு இருந்தது. 1999 நவம்பர் 20 இரவு அந்தக் கோயில் வளவுக்குள்ளேயே செல் விழுந்து நாற்பது பேர் வரை செத்தார்கள். அதற்குப் பிறகும் சனம் மடுவை விடவில்லை. மாதாவும் எங்களைப்போல ஓடியவதானே. ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் சுருபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தன என்பது மடுவின் வரலாறு. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருமார் அதே சுருபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஓகஸ்டில்தான் அது திரும்பி வந்தது. எங்களோடு அவவும் இடம்பெயர்ந்தா என்பது பெரிய ஆறுதல். ஆனால் ஆறுதல் வேறு, நம்பிக்கை வேறு.

நம்பிக்கை என்றால் என்னவென்று எனக்கு ஒரு கழித்தல் கணக்குத்தான் விளங்கப்படுத்தியது. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அதை வைத்தார். 2008 ஒக்டோபரில் கச்சேரிக் கணக்குப்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். யுத்தம் முடிந்து அரசாங்கப் பகுதிக்குள் வந்தவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். உபதேசம் ஒன்றும் இல்லை, கணக்கு மட்டும்தான். மேய்ப்பனுடைய முதல் வேலை எண்ணுவது. பட்டிக்குள் மாடு அடைக்கிற எங்கள் சனத்துக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. எண்ணாதவனுக்கு நூறாவது ஆடு தொலைந்ததே தெரியாது.

நூறு ஆட்டில் ஒன்றைத் தொலைத்தவனின் உவமை அது. லூக்காவின் கதையில் மேய்ப்பன் ஆடு அகப்படும்வரை தேடி, தோளில் சுமந்து வந்து அயலாரைக் கூப்பிட்டுக் கொண்டாடுகிறான். மத்தேயு அவ்வளவு உறுதி தரவில்லை. கிடைத்தால் மகிழ்வான் என்றுதான் சொல்கிறார். கிடைக்காமலும் போகலாம் என்பதை அந்தக் கதையே ஒத்துக்கொள்கிறது. தேடுவதை மட்டும் அது கேள்விக்கு விடவில்லை. அம்மா மத்தேயுவின் ஆள்.

2016இல் வந்த சட்டத்தின்படி, காணாமற்போனவர்களின் குடும்பங்கள் மரணச் சான்றிதழ் எடுக்காமல் ‘காணக்கிடைக்காமைச் சான்றிதழ்’ எடுக்கலாம். பக்கத்து வளவு அக்கா எடுத்துவிட்டா. காணி அலுவல் பார்க்க அவவுக்கு அது தேவைப்பட்டது. அவவின் விசுவாசம் குறைந்தது என்று நான் சொல்லமாட்டேன். அம்மா அதையும் வேண்டாமென்றுவிட்டு, வவுனியாவில் அந்தக் குடும்பங்கள் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டக் கொட்டிலுக்குப் போய்வருகிறா. அங்கே ஒருத்தி தேங்காய் உடைப்பா, ஒருத்தி செபமாலை உருட்டுவா. பிள்ளையைக் காணாமலே கண்மூடிய தாய்மார் எத்தனையோ பேர். அவர்களின் நம்பிக்கை பொய்த்துவிட்டதா? பிள்ளை வருவான் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது, உண்மைதான். அவன் கணக்கில் இருக்கவேண்டியவன் என்ற நம்பிக்கையை எந்த மரணமும் பொய்யாக்கவில்லை.

வகுப்பில் இந்த உவமையைப் படிப்பித்தபோது ஒரு பொடியன் எழும்பிக் கேட்டான்: “டீச்சர், மற்றத் தொண்ணூற்றொன்பதையும் ஆர் பாக்கிறது?” நான் சிரித்துவிட்டேன். அந்தத் தொண்ணூற்றொன்பதில் நானும் ஒருத்தி அல்லவா. என் கலியாண வீட்டிலும் அம்மாவின் கண் படலையில்தான் இருந்தது. பொறாமைப்பட்டிருக்கிறேன், சண்டையும் பிடித்திருக்கிறேன். ஆனாலும் ஒன்று தெரியும். நூறாவதை “போகட்டும்” என்று விடுகிற மேய்ப்பனிடம் மற்ற ஆடுகள் எந்தத் துணிவில் படுத்துத் தூங்கும்? நாளைக்குத் தொலைவது நானாகவும் இருக்கலாம். பொடியனுக்கு இதைத்தான், கொஞ்சம் சுருக்கி, சொன்னேன். அவனுக்குப் பிடிபட்டதாகத் தெரியவில்லை.