அயலாருக்குச் செய்த பரிவு

பெற்றோர் தம் பிள்ளைகளிடம் காட்டும் அன்பும், முன்பின் அறியாதவரிடம் காட்டும் பரிவும் பிள்ளைகளின் நினைவில் வெவ்வேறு விதமாகத் தங்குகின்றன. முதலாவதற்கு, பெற்றோரை முதுமையில் பேணுவதன் வழியாக ஓரளவேனும் கைம்மாறு செய்ய முயலலாம். இரண்டாவதற்கு அவ்வழி இல்லை, ஏனெனில் அந்தப் பரிவைப் பெற்றவர்கள் யாரோ சிலர், பிள்ளைகள் அதை அருகிலிருந்து பார்த்தவர்கள் மட்டுமே. அவ்வாறு பார்த்ததை என்ன செய்வது என்ற கேள்விக்கு, இந்தியக் குடியரசுத் தலைவராக விளங்கிய ஆ.ப.ஜெ. அப்துல் கலாமின் வாழ்க்கை தெளிவானதொரு விடையைத் தருகிறது.

கடல் வணிகத்திலும் படகுத் தொழிலிலும் வழிவழியாக ஈடுபட்டுவந்த தமிழ் முஸ்லிம்களான மரக்காயர் சமூகத்தில், 1931ஆம் ஆண்டு இராமேசுவரத்தில் கலாம் பிறந்தார். கோயில் வழிபாட்டுக்கும் தனுஷ்கோடிக் கடலில் நீராடுவதற்கும் நாட்டின் பல பகுதிகளிலிருந்து யாத்திரிகர்கள் வந்துகொண்டே இருக்கும் அவ்வூரில், புதிய முகங்கள் அன்றாடக் காட்சி. அந்த யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லப் படகு கட்டிய தந்தை ஜைனுலாப்தீன், முறையான கல்வியோ பெருஞ்செல்வமோ வாய்க்கப் பெற்றவர் அல்லர். ஆயினும் மசூதித் தெருவிலிருந்த அவருடைய வீட்டில், தாய் ஆசியம்மா நாள்தோறும் வெளியாருக்கு உணவளித்துவந்தார். ஆங்கிலத்தில் 1999இல் வெளிவந்து, தமிழில் ‘அக்கினிச் சிறகுகள்’ என அறியப்படும் தன்வரலாற்றில், அவ்வாறு உண்டவர்கள் எத்தனை பேர் என்பது தமக்கு நினைவில்லை என்றும், வீட்டார் அனைவரையும் சேர்த்தாலும் அவர்களைவிட வெளியாரே அதிகம் என்பது மட்டும் உறுதி என்றும் கலாம் குறிப்பிடுகிறார். ஏவுகணைகளின் எடையையும் வேகத்தையும் துல்லியமாகக் கணித்துப் பழகிய ஒருவர் இந்த எண்ணிக்கையை மட்டும் அறியாதிருந்தார் என்றால், வந்து உண்டவர்களைக் கணக்கெடுக்கும் வழக்கமே அந்த அடுக்களையில் இருந்திருக்காது என்று கொள்ளலாம்.

தந்தையின் பரிவு வேறொரு வடிவில் வெளிப்பட்டது. மாலைத் தொழுகை முடிந்து அவர் பள்ளிவாசலிலிருந்து வெளிவரும்போது, பல சமயத்தவரும் கிண்ணங்களில் நீருடன் காத்திருப்பர். அவர் அந்நீரை விரல்நுனியால் தொட்டு இறைவனை வேண்டித் தர, அது நோயுற்றோரிடம் கொண்டுசெல்லப்படும். நலம் பெற்றபின் நன்றி கூற வந்தவர்களிடம், அந்த நன்றியை இறைவனுக்கே செலுத்துமாறு சொல்லி அவர் அனுப்பிவிடுவார். கொடுத்ததைத் தாய் எண்ணவில்லை. செய்ததற்குரிய நன்றியைத் தந்தை ஏற்கவில்லை.

இவ்விரு பண்புகளும் மகனிடம் எவ்வாறு தொடர்ந்தன என்பதை 2002ஆம் ஆண்டு நிகழ்வொன்று காட்டுகிறது. ரமலான் மாதத்தில் பகல் நோன்பை அந்தியில் முடித்துக்கொள்ளும் உணவு ‘இஃப்தார்’ எனப்படும். குடியரசுத் தலைவர் மாளிகையில் அது பிரமுகர்களுக்கான விருந்தாக நடந்துவந்தது. நன்றாக உண்டு வாழ்பவர்களுக்கே மீண்டும் எதற்கு விருந்து எனக் கேட்ட கலாம், அதற்கு ஆகும் தொகையைக் கொண்டு ஆதரவற்ற குழந்தைகளின் இல்லங்களுக்கு மாவும் பருப்பும் போர்வைகளும் வாங்கி அனுப்பச் செய்தார். அரசுப் பணத்துடன் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாயையும் சேர்த்த அவர், அதைப் பிறரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாக, அவருடைய செயலராகப் பணியாற்றிய பி.எம். நாயர் பதிவு செய்திருக்கிறார். இஸ்லாம் கட்டாயமாக்கியுள்ள ‘ஸகாத்’ என்னும் கொடைக்கு அப்பால், மனமுவந்து அளிக்கும் கொடைக்குச் ‘சதகா’ என்று பெயர். வலக்கை தருவதை இடக்கையும் அறியாதவாறு அதைச் செய்வதையே நபிமொழி உயர்த்திப் பேசுகிறது. ஆனால் இந்த நெறியை ஏட்டில் கற்பதற்கு முன்பே, இராமேசுவரத்து வீட்டில் அன்றாட நடப்பாகவே கண்டு வளர்ந்தவர் கலாம்.

மசூதித் தெரு வீட்டில் உண்ட யாத்திரிகர்களுக்கு அந்தக் குழந்தைகளைத் தெரியாது. குழந்தைகளுக்கு ஆசியம்மாவைத் தெரியாது. இருந்தும் தாய்க்கு மகன் செலுத்திய நன்றி அவர்களிடமே போய்ச் சேர்ந்தது, ஏனெனில் அயலாருக்குச் செய்யப்பட்ட நன்மைக்கு அயலாரிடமே கைம்மாறு செய்ய இயலும். மறைந்த பெற்றோரின் படத்துக்கு மாலை அணிவிப்பதும் திதி நாளில் அவர்களை எண்ணி வணங்குவதும் பிள்ளைகளின் அன்பைக் காட்டும். அத்துடன், வேலைக்கு வந்தவருக்கு மோர் தந்தது, வழி கேட்டவருடன் தெருமுனை வரை நடந்தது, பெயர் தெரியாத மாணவருக்குக் கட்டணம் கட்டியது என அவர்கள் செய்தவற்றுள் ஒன்றையேனும் தேர்ந்து, அதைத் தம் வீட்டின் வழக்கமாகத் தொடரும் பிள்ளைகள், பெற்றோரின் பெயரோடு அவர்களுடைய பண்பையும் வாழவைக்கிறார்கள்.