ஒயின் வடிப்பவருக்கு முக்தி உண்டா?

ஒருவர் 47 ஆண்டுகள் ஒரே தொழிலில் ஊறிக் கிடந்தால் அது பற்றா, தவமா? பிரான்சின் ஓவிலே மடத்தில் பெனடிக்ட் சபைத் துறவியாக வாழ்ந்த தோம் பெரிஞோன், 1668 முதல் 1715இல் இறக்கும்வரை அந்த மடத்தின் ஒயின் கிடங்கைக் கவனித்துவந்தார். நுரை பொங்கும் ஷாம்பெய்னைக் கண்டுபிடித்தவர் அவர் என்பது பிற்காலத்துக் கதை. நுரை வராமல் தடுக்கத்தான் அவர் பாடுபட்டார். எந்தத் தோட்டத்துத் திராட்சையை எதனோடு சேர்ப்பது என்பதே அவருடைய பெருங்கவலை. உலகைத் துறந்தவருக்குப் பழச்சாற்றின் மேல் இத்தனை ஈடுபாடு எதற்கு என்று திருவண்ணாமலையின் துறவு மரபை அறிந்தவர்கள் கேட்கக்கூடும். 1896இல் இங்கே வந்து 1950இல் மறையும்வரை மலையைவிட்டு அகலாத ரமணர், கோவணத்தைத் தவிர எதையும் தனதென்று கொள்ளாதவர்.

அந்த ரமணர்தான் விடியுமுன்னே ஆசிரம அடுக்களையில் காய் நறுக்கினார், சட்னி அரைத்தார். 1927இல் தம் அடியாரான கவிஞர் முருகனாருக்காக எழுதிய உபதேச உந்தியாரில், பலனை எதிர்பாராமல் கடவுளுக்கென்று செய்யும் செயல் மனத்தைச் சீராக்கி விடுதலைக்கு வழிகாட்டும் என்கிறார். கட்டுவது வேலையன்று, ‘நான் செய்கிறேன்’ என்ற எண்ணமே. 6ஆம் நூற்றாண்டின் பெனடிக்ட் விதிநூலும் இதே இடத்தில்தான் கைவைக்கிறது. தன் திறமையால் மடத்துக்கு நன்மை விளைகிறது என்று ஒரு கைவினைஞர் செருக்கடைந்தால், அவரை அந்தத் தொழிலிலிருந்தே விலக்கிவிட வேண்டும் என்கிறது அதன் 57ஆம் அதிகாரம். ஒயின் தொழிலில் இந்தச் செருக்குக்கு இடமும் குறைவு. வெயிலும் மழையும் மண்ணும் பாதி வேலையை முடித்துவிடுகின்றன; மீதியில் பெரும்பகுதி ஈஸ்டினுடையது. சாற்றைப் புளிக்கவைப்பது ஓர் உயிர் என்று 19ஆம் நூற்றாண்டில் அறிவியலாளர் லூயி பாஸ்டர் நிறுவும்வரை, தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதே வடிப்பவர்களுக்குத் தெரியாது. தான் மட்டுமே செய்ததாக அவர்களில் யார் சொல்ல முடியும்?

ஈடுபாடு என்று வந்தால் ‘என்னுடையது’ என்பதும் ஒட்டிக்கொள்ளுமே என்று மறுக்கலாம். உண்மைதான், விடும் வேளையில்தான் அது தெரியவரும். 1928இல் ரமணரிடம் வந்த அண்ணாமலை சுவாமி, அவர் சொற்படி பத்தாண்டுகள் கட்டட வேலைகளை மேற்பார்த்தார். கோசாலையும் உணவுக்கூடமும் அப்படி எழுந்தவை. 1938இல் அத்தனையையும் விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த பலாக்கொத்தில் தியானத்தில் அமர்ந்தார். அந்தப் பத்தாண்டு உழைப்பு அவரைக் கட்டியிருந்தால் இப்படி எழுந்து போயிருக்க முடியாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். இல்லறத்தார் செய்யக் கூடாத ஐந்து வணிகங்களில் போதைப்பொருளையும் புத்தர் சேர்த்தார். ஒயினுக்கு இடம்கொடுத்த பெனடிக்ட்டே ஆளுக்கு இவ்வளவென்று நாளளவு வகுத்தார். குடிக்காமலே இருக்க வல்லவர்களுக்குத் தனிப் பரிசு உண்டு என்றார். குடியால் வீடுகள் அழிவதைக் கண்ணெதிரே காணும் தமிழ்நாட்டில் இதை ஒதுக்கிவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை. வடித்தவர் மனம் தூய்மையானது என்பதால் குடித்தவர் குடும்பம் பிழைத்துவிடாது. உழைப்பு செய்பவரை என்ன செய்கிறது என்பது ஒரு கேள்வி. செய்த பொருள் பிறரை என்ன செய்கிறது என்பது வேறொன்று. முன்னதன் விடையைக் கொண்டு பின்னதை மூடிவிடக் கூடாது. ஒயின் வடிப்பவருக்கும் முக்தி உண்டு என்றே நான் நம்புகிறேன்; அதனால் ஒயின் விற்பது அறமாகிவிடாது.