உடலுக்குள் உலோகம், மேலே தைலம்: தவக்குல் சொல்லும் அளவுகோல்

மாற்று மூட்டு, எலும்பைப் பிணைக்கும் தகடு, செயற்கை இதய வால்வு, பேஸ்மேக்கர் இவற்றில் ஒன்றை உடலில் தாங்கியவர் வலிக்குத் தைலம் தேய்க்கலாமா? மார்க்க நோக்கில் இதில் இரண்டு கேள்விகள் உள்ளன. தேய்க்கும் பொருள் ஆகுமானதா என்பது ஒன்று. தேய்ப்பதால் தீங்கு வருமா என்பது மற்றொன்று.

கோலாலம்பூரில் 1863இல் இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய மஸ்ஜித் இந்தியா பள்ளிவாசலில் ஜும்ஆ பிரசங்கம் தமிழில் நடக்கிறது. அந்த வட்டாரக் கடைகளில் கோடாலித் தைலமும் ஜாதிக்காய்த் தைலமும் கடலட்டையிலிருந்து எடுக்கும் காமாட் எண்ணெயும் எளிதில் கிடைக்கும். மூட்டு மாற்றியபின் நாற்காலியில் அமர்ந்து தொழும் முதியவருக்கு இவை பழகிய பொருள்கள்.

முதல் கேள்விக்கு விடை தெளிவாகவே இருக்கிறது. மருந்தில் கரைப்பானாகச் சேரும் ஆல்கஹாலை மலேசியத் தேசிய ஃபத்வா குழு 2011இல் அனுமதித்தது. தோல் வழியே உறிஞ்சப்படும் களிம்பும் மருந்துப் பட்டையும் நோன்பை முறிக்காது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டவியல்) அகாதமி 1997இல் ஜித்தாவில் முடிவு செய்தது. தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவும் உளூவைப் பொறுத்தவரை, தோலில் படலமாகத் தங்காத எண்ணெய் தடையாகாது. ஒட்டும் பிளாஸ்தர் தடையாகும். மணிக்கட்டிலோ கணுக்காலிலோ அது இருந்தால் எடுத்துவிட்டுக் கழுவ வேண்டும். முழங்கால் உளூவில் கழுவும் உறுப்பன்று. கடமையான குளிப்பின்போதுதான் அங்கே இந்தக் கேள்வி எழும்.

இரண்டாவது கேள்விக்கு 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் தரும் பாகுபாடு உதவும். துன்பத்தைப் போக்கும் வழிகளை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். தாகத்துக்குத் தண்ணீர் போலப் பலன் உறுதியானவை முதல் வகை. அவற்றைக் கைவிடுவது தவக்குல் (இறைவனையே சார்ந்திருத்தல்) ஆகாது. மருத்துவர் தரும் பெரும்பாலான மருந்துகளைப் போலப் பலன் தரக்கூடும் என்று நம்ப இடமுள்ளவை இரண்டாம் வகை. அவற்றை நாடுவது இறைநம்பிக்கைக்கு முரணன்று. வெறும் ஊகத்தில் நிற்பவை மூன்றாம் வகை. இதே அளவுகோலைத் தீங்குக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

தைலம் உள்ளே இறங்கி உலோகத்தை அரித்துவிடும் என்ற அச்சம் மூன்றாம் வகை. காயம் முழுதும் ஆறிய தோலில் பூசும் தைலம் டைட்டானியத்தையோ கோபால்ட்-குரோமியக் கலவையையோ சிதைப்பதில்லை. அது தருவது பெரும்பாலும் தோல் நரம்புகள் உணரும் குளிர்ச்சியும் எரிச்சலுமே.

உறுதியான தீங்குகளும் வரக்கூடும் என்று நம்ப இடமுள்ள தீங்குகளும் உள்ளன. பல தைலங்களின் மூலப்பொருளான மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. தோல் வழியே இரத்தத்தில் கலக்கும். உலோக வால்வு பொருத்தியவர் இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுதும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர். அவர் இத்தைலத்தை நிறையத் தேய்த்தால் வார்ஃபரினின் வீரியம் கூடி இரத்தக்கசிவு ஏற்படலாம். ஆறாத தையல் மேல் எந்தத் தைலமும் கூடாது. அங்கே நுழையும் கிருமி மாற்று மூட்டைப் பற்றிக்கொண்டால் மூட்டையே அகற்ற நேரலாம். தைலம் தேய்த்த இடத்தில் சூட்டு ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்துபோகலாம். நீரிழிவால் உணர்ச்சி குன்றியவருக்கு அது தெரியவும் தெரியாது. புதிதாக மாற்றிய இடுப்பு மூட்டை அழுத்தி உருவினால் மூட்டு நழுவும் அபாயம் உண்டு. காந்தம் தைத்த தோள்பட்டைப் பட்டை பேஸ்மேக்கரின் இயக்கத்தை மாற்றக்கூடும். காந்தத்தைக் குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். சில மருந்துப் பட்டைகளின் பின்புறத்தில் உலோகப் படலம் இருக்கும். அவற்றுடன் எம்ஆர்ஐ கருவிக்குள் போனால் தோல் வெந்துபோகலாம்.

இவற்றை அறிந்தும் ‘அல்லாஹ் பார்த்துக்கொள்வான்’ என்று தேய்ப்பதைத் தவக்குல் என்று சொல்ல முடியாது. உடல் இறைவன் ஒப்படைத்த அமானிதம். தனக்கும் பிறருக்கும் தீங்கிழைக்கலாகாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. விற்பவருக்கும் பொறுப்பு உண்டு. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவர் விளைந்த கேட்டுக்கு ஈடு சொல்ல வேண்டும் என்ற கருத்து அபூதாவூத், இப்னு மாஜா ஹதீஸ் தொகுப்புகளில் உள்ளது. மலேசியாவில் பதிவான மருந்தின் மேல் ‘மால்’ எனத் தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கும். அது தரத்துக்கான சான்று. வார்ஃபரின் எடுப்பவருக்கு அந்தத் தைலம் ஒத்துவரும் என்பதற்கான சான்றன்று. ஹலால் முத்திரையும் அதற்கான சான்றன்று.

ஆகவே தையல் ஆறியவர், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்காதவர், தைலத்தை மெல்லத் தடவிக்கொள்வதில் மார்க்கமும் மருத்துவமும் குறை காணவில்லை. வார்ஃபரின் எடுப்பவரும் பேஸ்மேக்கர் பொருத்தியவரும் வலித் தைலமோ பட்டையோ வாங்கும் முன் மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்பது கடமை.