விரலில் காய்த்த இடம்

பேராதனை மருத்துவபீடத்துக்குத் தெரிவாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. சீடன் தன் பழைய பயிற்றுநரைத் தேடி வந்தான். அஸ்கிரிய மைதானத்துக்கு மேலே, பாதையோர மதிலில் இருவரும் உட்கார்ந்தார்கள். கீழே சின்னப் பையன்கள் பயிற்சியில் இருந்தார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

சீடன்: சப்பாத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன் சேர்.

குரு: பந்தை?

சீடன்: அது மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

குரு: பேராதனையிலும் மைதானம் இருக்கிறது, அணி இருக்கிறது. விளையாடாதே என்று உன்னிடம் யாரும் சொல்லவில்லையே.

சீடன்: தெரியும். நேரம் கிடைத்தால் போய்ப் பந்து வீசலாம். ஆனால் ஒன்பது வயதிலிருந்து நான் கண் விழித்ததே இதற்காகத்தான். இனி மிஞ்சிய நேரத்தை மட்டும் அதற்குக் கொடுக்க வேண்டும். துரோகம் செய்வதுபோல இருக்கிறது.

குரு: யாருக்குத் துரோகம்?

சீடன்: விளையாட்டுக்கு.

குரு: விளையாட்டுக்கு உன்னைத் தெரியாது தம்பி. இந்த மைதானத்தையே பார். 1983இல் இங்கே முதல் டெஸ்ட் நடந்தது. 2007 டிசம்பர் 3ஆம் திகதி கொலிங்வூட்டின் விக்கெட்டைச் சாய்த்து, 709ஆவது டெஸ்ட் விக்கெட்டோடு முரளி ஷேன் வோர்னைத் தாண்டியதும் இதே புல்லில்தான். கண்டியில் பிறந்தவர், கண்டியிலேயே உலக சாதனை. அதுதான் இங்கே நடந்த கடைசி டெஸ்ட். பிறகு பெரிய ஆட்டங்கள் பல்லேகலைக்குப் போய்விட்டன. ஆனாலும் புல்லை வெட்டியிருக்கிறார்கள், கோடு போட்டிருக்கிறார்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

சீடன்: மைதானத்துக்கு வருத்தம் கிடையாது சேர். எனக்கு இருக்கிறது.

குரு: சரிதான். என் உவமை உனக்குப் பொருந்தவில்லை.

சீடன்: முரளி 38 வயதுவரை டெஸ்ட் விளையாடினார். 800 விக்கெட் எடுத்தார். அத்தனையும் பார்த்தவருக்கு விடுவது இலகு.

குரு: இலகு என்று உனக்கு எப்படித் தெரியும்? 2010இல், காலியில் இந்தியாவோடு ஆடும் டெஸ்டோடு நிறுத்தப்போவதாக அவர் அறிவித்தபோது கையில் இருந்தது 792. மிச்சம் எட்டும் கிடைக்கும் என்று யார் உறுதி கொடுத்தது? முதல் இன்னிங்ஸில் ஐந்து, இரண்டாவதில் மூன்று. 800ஆவதாக விழுந்த ஓஜாதான் இந்திய அணியின் கடைசி விக்கெட். அது வேறொருவர் கைக்குப் போயிருந்தால் 799. அதனால் அந்த மனிதர் குறைந்துபோயிருப்பாரா?

சீடன்: இல்லை. ஆனால் அவர் விளையாட்டின் பக்கம் நின்றவர். சங்கக்காரவும் அப்படித்தான். கொழும்பில் சட்டம் படிக்கப் போனவர், கிரிக்கெட்டுக்காகப் படிப்பை முடிக்காமல் விட்டார். நான் எதிர்ப்பக்கம் போகிறேன்.

குரு: மருத்துவம் யாருடைய ஆசை?

சீடன்: என்னுடையதுதான். யாராவது வற்புறுத்தியிருந்தால் அவர்கள்மேல் கோபப்பட்டாவது இருப்பேன்.

குரு பேசவில்லை.

சீடன்: ஒன்றை மட்டும் சொல்லிவிடாதீர்கள். மைதானத்தில் பழகிய பொறுமை நாளைக்கு வார்ட்டில் உதவும் என்று. பரிசளிப்பு விழாவில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

குரு: சொல்லமாட்டேன். அது விளையாட்டை வேறெதற்கோ ஏணியாக்கும் பேச்சு. ஒன்று கேட்கிறேன். பின்னேரம் நாலு மணி. தேய்ந்த பந்தில் தையலைத் தடவிப் பிடித்து, விரலைச் சுண்டி விடுகிறாய். பந்து காற்றில் கொஞ்சம் தங்கி, விழுந்து, உள்ளே திரும்புகிறது. அந்த நேரத்தில் உனக்கு வேறு ஏதாவது வேண்டியிருந்ததா?

சீடன்: இல்லை.

குரு: பின்னால் ஏதோ வந்து நிரப்ப வேண்டிய குறை ஏதும் இருந்ததா?

சீடன்: இல்லை. நிறைவாகத்தான் இருந்தது.

குரு: நீ அதை விதை என்று நினைத்துவிட்டாய். மரமாக வளரவில்லையே என்று அழுகிறாய். அது பழம் தம்பி. நீ சாப்பிட்டாயிற்று. அதை யாரும் உன்னிடமிருந்து திருப்பி வாங்க முடியாது.

சீடன்: பிறகேன் வலிக்கிறது?

குரு: இனி அந்தப் பழம் இல்லையே, அதனால்தான். அதற்கு என்னிடம் மருந்தில்லை. நான் விட்டு முப்பது வருடம். மார்ச்சில் பாடசாலை பிக் மெட்ச் காலத்துப் பேண்ட் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது.

சீடன் வலது கையை நீட்டினான்.

சீடன்: சுட்டுவிரலில் காய்த்திருந்த இடம் மெதுமெதுவென்று ஆகிவிட்டது. ஒவ்வொரு இரவும் தடவிப் பார்க்கிறேன்.

குரு: (தொட்டுப் பார்த்து) இன்னும் கொஞ்ச நாளில் முழுக்கப் போய்விடும்.

சீடன்: பந்து லாச்சியிலேயே இருக்கட்டுமா?

குரு: அதை ஏன் என்னிடம் கேட்கிறாய்?

ஹந்தானைப் பக்கம் இடி முழங்கியது. கீழே பையன்கள் நிறுத்தவில்லை.

சீடன்: மழை வரும்வரைக்கும் இருந்து பார்ப்போமா சேர்?

குரு: இருப்போம்.